ஜனவரியில் முதல் அரை மாரத்தான்: சென்னையில் புதிதாக ஓட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னை மாரத்தான் ஜனவரி தொடக்கத்தில், மார்கழி முடிவதற்குள் நடந்துவிடும். அதனால் ஆகஸ்ட் பிறந்ததும் எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதிய முகங்கள் வரத் தொடங்கும். கூடவே அதே கேள்விகளும் வரும். ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இது மேடை ஏறிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு அல்ல. முதல் தடவை 21 கிலோமீட்டரை அடிபடாமல் ஓடி முடித்து, மறுநாள் வேலைக்கும் போக நினைக்கிறவர்களுக்கு.

1. அரை மாரத்தான்னா சரியா எத்தனை கிலோமீட்டர்? 21-ஆ, 21.1-ஆ?

21.0975 கிலோமீட்டர், அதாவது முழு மாரத்தானில் சரிபாதி. முழு மாரத்தானின் 42.195 என்ற கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி பாதை போட்டார்கள். 1921-இல் அதையே நிரந்தர அளவாக வைத்துக்கொண்டார்கள். கடைசி நூறு மீட்டர் இருக்கிறதே, அதை லேசாக நினைக்காதீர்கள்.

2. இதுவரைக்கும் ஓடினதே இல்லை. ஜனவரிக்குள்ள முடியுமா?

இப்போது என்ன செய்ய முடிகிறது என்பதைப் பொறுத்தது. செப்டம்பர் நடுவில் 5 கிலோமீட்டரை நடந்தும் ஓடியும் சிரமமில்லாமல் முடிக்க முடிந்தால் ஜனவரிக்குள் தாராளமாக முடியும். 16 வாரம் கிடைக்கிறது.

அரை மணி நேரம் நடந்தாலே களைப்பு என்றால் அதற்கு முன் இன்னும் 8 வாரம் வேண்டும். முதலில் வேகநடை, பிறகு ஒரு நிமிட ஓட்டம் இரண்டு நிமிட நடை என்று 5 கிலோமீட்டருக்கு வாருங்கள். அக்டோபர் கடைசியில்தான் ஆசை வந்தது என்றால் இந்த ஜனவரியில் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுங்கள். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அவசரப்படுகிறவர்கள் கால் வலியோடு டிசம்பரில் நிற்பது இதனால்தான்.

3. ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்க்கணுமா?

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். "21 கிலோமீட்டர் ஓடப்போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பொதுப் பரிசோதனைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, தலைசுற்றல், மயக்கம் ஏதாவது வந்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. வாயு என்று சோடா குடித்துவிட்டுத் தொடராதீர்கள்.

4. ரெண்டு கிலோமீட்டர்லயே மூச்சு வாங்குது. எனக்கு ஸ்டாமினா இல்லையா?

ஸ்டாமினா இருக்கிறது. வேகம்தான் அதிகம். புதிதாக வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு என் பதில் இதுதான்: இன்னும் மெதுவாக ஓடுங்கள். பள்ளியில் நூறு மீட்டர் ஓடியதுதான் நமக்கு ஓட்டம் என்று மனதில் பதிந்திருக்கிறது. யாராவது பார்க்கிறார்கள் என்றால் இன்னும் வேகம் கூடிவிடும்.

அளவு இதுதான். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். "நேத்து மேட்ச் பார்த்தீங்களா, கடைசி ஓவர் என்ன ஆச்சு" என்று ஒரே மூச்சில் கேட்க முடிந்தால் சரியான வேகம். "நேத்து... மேட்ச்..." என்று உடைந்தால் குறைக்க வேண்டும். தனியாக ஓடுகிறவர்கள் முணுமுணுத்துப் பார்க்கலாம். அதிகாலையில் சென்னையில் அதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை, சுலோகம் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த மெதுவான ஓட்டத்தில்தான் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. வாரத்து ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம், 9 நிமிடம் ஆகிறதா? ஆகட்டும்.

5. நடுநடுவுல நடந்தா அது ஏமாத்துற மாதிரி இல்லையா அக்கா?

இல்லை. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே என்பவர்தான் ஓட்டமும் நடையும் கலந்த முறையை உலகமெங்கும் பரப்பினார். இதில் ஒரே விதி: களைத்தபின் நடப்பது அல்ல, களைப்பதற்கு முன்னால் நடப்பது. முதல் கிலோமீட்டரிலிருந்தே 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடும்போது கிலோமீட்டருக்கு 7:30, நடக்கும்போது 11 நிமிடம் என்றால் சராசரி ஏறக்குறைய 8:01 வரும். அந்தக் கணக்கில் அரை மாரத்தான் 2 மணி 49 நிமிடத்தில் முடிகிறது. நடக்கவே மாட்டேன் என்று வீம்பாகத் தொடங்கி 15-ஆவது கிலோமீட்டரிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வருகிறவர்களை இந்த முறையில் வருகிறவர்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம்.

6. வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு ஓடணும்?

மூன்று அல்லது நான்கு நாள் போதும். செவ்வாய், வியாழன் மெதுவான ஓட்டம்: முதலில் 4 கிலோமீட்டர், போகப்போக 7, 8 வரை. ஞாயிறு நீண்ட ஓட்டம், நம் ஆட்கள் மொழியில் லாங் ரன். முடிந்தவர்கள் சனிக்கிழமை சின்னதாக 3, 4 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளலாம். ஓடாத இரண்டு நாளில் இருபது நிமிடம் தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழுவது, படியில் குதிகால் தூக்குவது, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க்.

ஞாயிறுகளுக்கு நான் கொடுக்கும் வரிசை கிலோமீட்டரில்: 6, 7, 8, 6, 9, 10, 11, 8, 12, 13, 14, 10, 16, 18, 10. பதினாறாவது ஞாயிறு மாரத்தான். நடுவில் 6, 8, 10 என்று இறங்குவது அச்சுப்பிழை இல்லை. அந்த வாரங்களில்தான் உடம்பு முந்தைய மூன்று வாரத்து வேலையைச் செரிக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

7. 18 கிலோமீட்டர் மட்டும்தானா? ஒரு தடவையாவது 21 ஓடிப் பார்த்தாத்தானே தைரியம் வரும்?

வேண்டியதில்லை. மெதுவாக ஓடுகிற ஒருவருக்கு 18 கிலோமீட்டரே இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலன் குறைவு, தேறிவர எடுக்கும் நாள் அதிகம். மாரத்தானுக்கு இரண்டு வாரம் முன்னால் அந்தக் களைப்பைக் கடன் வாங்க வேண்டாம். மிச்சம் 3 கிலோமீட்டரை ஓய்ந்த காலும் கூட்டத்தின் கைதட்டலும் பார்த்துக்கொள்ளும்.

8. இன்டர்வெல், ஹில் ரன் எல்லாம் செய்யணும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

இன்டர்வெல் என்றால் வேக ஓட்டமும் நடையும் மாறிமாறி வருவது, ஹில் ரன் என்றால் மேட்டில் ஏறி ஓடுவது. முதல் 8 வாரம் இரண்டும் வேண்டாம். அதன்பிறகு வியாழன் ஓட்டத்தின் கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம், ஒரு நிமிட நடை என்று ஐந்தாறு முறை. மலைக்கு எங்கே போவது? சென்னை தட்டையான ஊர். பாதையில் மேம்பாலமோ பாலமோ வரும் என்றால், ஊர் எழுவதற்குள் ஏதாவது ஒரு பாலத்தின் நடைமேடையில் ஏறி இறங்கிப் பழகினால் போதும்.

9. வாட்ச்ல ஹார்ட் ரேட் 170 காட்டுது, ஆனா வேகமே இல்லை. ஊட்டிக்குப் போனப்ப நல்லா ஓடினேனே?

ஊட்டியில் குளிர் இருந்தது, இங்கே ஈரக்காற்று இருக்கிறது. செப்டம்பர் அதிகாலையில் நம் ஊரில் வெப்பம் 25, 26 டிகிரி இருக்கும், காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். சொட்டுச்சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் பயன் இல்லை. சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு நிறைய ரத்தத்தை அனுப்புகிறது, காலுக்குப் போவது குறைகிறது, இரண்டையும் ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

அதனால் இணையத்தில் கிடைக்கும் வேக அட்டவணைகளை அப்படியே எடுக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 10 டிகிரிக் குளிரில் ஓடுகிறவர்கள் எழுதியவை. இங்கே 4-ஆம் கேள்வியில் சொன்ன பேச்சுச் சோதனைதான் கடிகாரம். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஏசி அறையிலேயே டிரெட்மில் ஓடியவர்களுக்கு அந்தப் பழக்கம் வராது. நல்ல செய்தி ஒன்று உண்டு. ஜனவரி அதிகாலையில் 21 டிகிரி அளவுக்கு இறங்கும். அக்டோபரில் அரைத்த அதே உழைப்புக்கு அன்று தானாகவே வேகம் கூடும்.

ஒரு எச்சரிக்கை. கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. நிழலில் உட்காரவைத்து, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் தலையிலும் உடம்பிலும் ஊற்றி 108-க்குக் கூப்பிடுங்கள். குளிர்விப்பதுதான் முதல் வேலை.

10. நவம்பர், டிசம்பர் முழுக்க மழை. பயிற்சி எப்படிங்க முடியும்?

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். நீண்ட ஓட்டங்கள் உச்சத்துக்குப் போகும் நேரமும் வடகிழக்குப் பருவமழை உச்சத்துக்குப் போகும் நேரமும் ஒன்றுதான். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஓட்டம் இருக்கட்டும், பாலுக்கே வெளியே போக முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு வாரத்தையாவது மழைக்கு எழுதிவைத்துவிடுங்கள்.

தூறலில் ஓடலாம், சுகமாகவே இருக்கும். இடி மின்னல் என்றால் வெளியே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. மூடி இல்லாத மழைநீர் வடிகால் கண்ணுக்குத் தெரியாது, காலில் சின்ன வெட்டு இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி நுழையும். அந்த நாட்களில் அடுக்குமாடிப் படிக்கட்டு, வாகன நிறுத்தத் தளத்தில் சுற்று, இல்லாவிட்டால் டிரெட்மில். ஒரு லாங் ரன் தவறினால் அடுத்த ஞாயிறு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரண்டு வாரத்துத் தூரத்தை ஒரே வாரத்தில் சேர்க்காதீர்கள்.

11. எங்க ஓடுறது? எங்க தெருவுல நாய்த் தொல்லை தாங்கலை.

மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அகலமான நடைபாதை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலை, அண்ணா நகர் டவர் பூங்கா, அடையாறு போட் கிளப் சாலை எல்லாம் விடியற்காலையில் ஆட்கள் நடமாடும் இடங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் தனியாக ஓடாதீர்கள். வண்டிகளின் வேகம் வேறு ரகம். எங்கே ஓடினாலும் எதிரே வண்டி வரும் பக்கமாக ஓடுங்கள். மணலில் ஓடினால் கால் வலுவாகும் என்று தொடக்கத்திலேயே இறங்குகிறவர்களுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். அது துரத்துவது ஓடுகிற பொருளை. கண்ணுக்குக் கண் பார்க்காமல் மெல்ல விலகினால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தாலோ கீறினாலோ, சின்னதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

12. எந்த ஷூ வாங்கணும்? பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கார்பன் பிளேட் வைச்சது நல்லதாமே?

நல்லதுதான், ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிறவருக்கு. நமக்கு ஓட்டத்துக்கென்றே செய்த சாதாரண ஷூ போதும், அதில் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கும். மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், லாங் ரன்னிலும் அப்படித்தான் ஆகும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். வழக்கமான அளவைவிட அரை அளவு கூட வரலாம்.

ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். மாரத்தான் நாளில் புத்தம்புது ஷூ போடாதீர்கள், அதில் ஒரு லாங் ரன்னாவது போயிருக்க வேண்டும். பருத்திக் காலுறை வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு கொப்புளம் போடும்.

13. காலையில வெறும் வயித்துல ஓடலாமா? மாரத்தான் அன்னைக்கு என்ன சாப்பிடறது?

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு ஒரு காபி போதும். அதற்கு மேல் என்றால் ஏதாவது வேண்டும். மாரத்தான் அன்று இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டுக்கொண்டு. சாம்பார், வடை, பூரி, அதிகக் காரம், புளிப்பு எதுவும் வேண்டாம். அதிகாலை மூன்று மணிக்கு யார் இட்லி ஊற்றுவது என்றால் வாழைப்பழம் இரண்டு, ரொட்டியில் தேன். என்ன சாப்பிட்டாலும் அதை மூன்று நான்கு ஞாயிறு ஓட்டத்துக்கு முன்பே சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் நாள் இரவு தாறுமாறாகப் பிரியாணி சாப்பிடுவதற்குக் கார்போ லோடிங் (உடம்பில் மாவுச்சத்தைச் சேர்த்துவைப்பது) என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் பிரியாணிதான். தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் வயிற்றுக்குப் பாதுகாப்பு.

14. ஓடும்போது எவ்வளவு தண்ணி குடிக்கணும்?

எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது, ஆனால் உங்கள் அளவைக் கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. நடுவில் குடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனது அத்தனையையும் ஓடும்போதே திரும்பக் குடிக்க வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

குறைவாகக் குடிப்பதைப் போலவே அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து. மூன்று மணி நேரம் மெதுவாக ஓடுகிறவர் வழியில் வரும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. ஓடி முடித்ததும் எடை கூடியிருந்தால் அது அபாய அறிகுறி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து எடுத்துப் போங்கள். அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. முடித்தபிறகு குடிக்க நல்லது.

15. ஜெல் எடுக்கணுமா? பேரீச்சம்பழம் போதாதா?

போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு ஜெல்லிலும் (ஓடுகிறவர்களுக்கென்று சிறு பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழ்) ஒரு நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நான்கைந்து அதே அளவு தரும். கடலைமிட்டாய் நன்றாகவே இருக்கும், ஆனால் மூச்சிரைக்கும்போது மென்றால் துகள் தொண்டையில் சிக்கும். நடை நிமிடத்தில் சாப்பிடுங்கள். பசித்தபின் சாப்பிட்டால் தாமதம், 45-ஆவது நிமிடத்திலேயே தொடங்க வேண்டும்.

16. எனக்குச் சுகர் இருக்கு. மாத்திரை போடறேன். ஓடலாமா?

பலர் ஓடுகிறார்கள். முதலில் 3-ஆம் கேள்வி. அப்புறம் உங்கள் மாத்திரையின் பெயர் முக்கியம். இன்சுலினும் கிளிமெபிரைடு வகை மாத்திரைகளும் ஓட்டத்தோடு சேர்ந்தால் சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை, உங்களுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல.

ஓடுவதற்கு முன் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை என்பதை ஓடும்போது பிரித்தறிவது கடினம், அதனால் தனியாக லாங் ரன் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உணர்வு மங்கிய காலில் கொப்புளம் வந்ததே தெரியாது.

17. முட்டி வலிக்குது. தொடரலாமா, நிறுத்தலாமா?

இரண்டு தொடையும் ஒரே மாதிரி கனத்து வலித்தால், இரண்டு நாளில் அடங்கினால், அது பயிற்சி வலி. ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால், ஓட ஓடக் கூடினால், நொண்ட வைத்தால் நிறுத்த வேண்டும். முழங்கால் சிப்பியைச் சுற்றி, முழங்காலின் வெளிப்பக்கம், முன்னங்கால் எலும்பின் உள்ளோரம், காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால்: புதியவர்களுக்கு வலி வரும் இடங்கள் இவை. பெரும்பாலும் தூரத்தையோ வேகத்தையோ திடீரென ஏற்றியதுதான் காரணம். ஒரு வாரம் குறைத்து, 6-ஆம் கேள்வியில் சொன்ன உடற்பயிற்சிகளைச் செய்தால் பல சரியாகும்.

எலும்பின் மேல் ஒரு புள்ளியில் வலி, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி என்றால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போங்கள், எண்ணெய் தேய்த்துப் பார்ப்பவரிடம் அல்ல. வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

18. ஓடினா மூட்டு தேஞ்சிடும்னு அம்மா சொல்றாங்க.

எல்லார் வீட்டு அம்மாவும் சொல்கிறார்கள். உடல்நலத்துக்காக மிதமாக ஓடுகிறவர்களுக்கு, ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களைவிட மூட்டுத் தேய்வு அதிகம் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. குறைவாக இருப்பதாகக் காட்டியவையும் உண்டு. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது; அழுந்தி விரிவதில்தான் அதற்கு ஊட்டம் போகிறது. ஏற்கெனவே மூட்டில் அடிபட்டவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் கதை வேறு, அவர்கள் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும். அம்மாவை நடைக்குக் கூட்டி வாருங்கள், வாதம் பாதி குறையும்.

19. பீரியட்ஸ் நாள்ல ஓடலாமா? இருட்டுல தனியா வர வீட்ல விட மாட்டேங்கறாங்க அக்கா.

உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம், சிலருக்கு வலி குறையவும் செய்யும். முடியாத நாளில் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது. நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம், ஷூவுக்கு அடுத்து அதுதான். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எவ்வளவு மெதுவாக ஓடினாலும் மூச்சு வாங்குகிறது என்றால் காரணம் அங்கேயும் இருக்கலாம்.

இருட்டைப் பற்றி: வீட்டில் பயப்படுவது நியாயம்தான். ஒரே தெருவில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கிளம்புங்கள், குழுவில் எங்கள் பெண்கள் அப்படித்தான் வருகிறார்கள். இருப்பிடத்தை வாட்ஸாப்பில் பகிர்ந்துவிட்டு, காதில் இயர்போன் இல்லாமல். டிராக் பேன்ட்டோ சுடிதாரோ, எது வசதியோ அது.

20. தொடை உரசி எரியுது, கால் நகம் கறுத்துப் போச்சு. இதெல்லாம் சகஜமா?

சகஜம்தான், தவிர்க்கவும் முடியும். தொடை, அக்குள், பிரா விளிம்பு, ஆண்களுக்கு மார்க்காம்பு: கிளம்பும் முன் வாசலின் தடவுங்கள். பருத்தி பனியன் வேண்டாம். நகம் கறுப்பது ஷூ முனையில் விரல் மோதுவதால். நகத்தை வெட்டிவையுங்கள், ஷூ அளவுக்கு 12-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

21. டெங்கு வந்து ரெண்டு வாரம் போச்சு. இப்ப ஓடலாமா?

காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. வைரஸ் காய்ச்சலில் இதயத் தசை வீங்கும் வாய்ப்பு உண்டு, அந்த நேரத்து ஓட்டம் உயிருக்கே ஆபத்து. டெங்கு என்றால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நடை மட்டும். திரும்ப வரும்போது விட்ட தூரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மாரத்தானுக்கு நான்கு வாரத்துக்குமேல் இருந்தால் ஓட்டமும் நடையுமாக முடித்துவிடலாம். அதற்குள் என்றால் 10 கிலோமீட்டருக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். தரவில்லையா, பணம் போகட்டும்.

22. நான் எவ்வளவு நேரத்துல முடிப்பேன்? கட் ஆஃபுக்குள்ள வந்துடுவேனா?

சமீபத்தில் 10 கிலோமீட்டரை முழு முயற்சியோடு ஓடியிருந்தால் அந்த நேரத்தை 2.2-ஆல் பெருக்குங்கள். 65 நிமிடம் என்றால் 2 மணி 23 நிமிடம் வரும். முதல் தடவை என்பதால் அதோடு பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள், மனம் நிம்மதியாக இருக்கும்.

கட் ஆஃப், அதாவது ஓடி முடிக்கக் கொடுக்கும் அதிகபட்ச நேரம், ஒவ்வொரு மாரத்தானுக்கும் மாறும், பதிவு செய்யும்போதே பாருங்கள். மூன்றரை மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 9:57. அது வேகநடையும் கொஞ்சம் ஓட்டமும்தான். 3 மணி நேரத்துக்கு 8:32, இரண்டரைக்கு 7:07.

23. கடைசி வாரம் என்ன செய்யணும்? முதல் நாள் ராத்திரி தூக்கமே வரலைன்னா?

ஓட்டத்தைக் குறையுங்கள். இரண்டு நாள் 4, 5 கிலோமீட்டர், அவ்வளவுதான். விட்டுப்போனதையெல்லாம் இந்த வாரத்தில் பிடிக்கப் பார்ப்பது வீண். உங்கள் ஓட்ட எண் அச்சிட்ட தாளை, அதாவது பிப்பை, சட்டையில் முன்கூட்டியே குத்திவைத்துவிடுங்கள். முதல் நாள் இரவு யாருக்கும் தூக்கம் வராது, அதனால் ஒன்றும் ஆகாது. அதற்கு முந்தின இரண்டு ராத்திரித் தூக்கம்தான் கணக்கு.

24. மாரத்தான் அன்னைக்கு எல்லாரும் வேகமா கிளம்புறாங்க. நான் பின்னாடி தங்கிடுவேனோ?

தங்கிவிடுங்கள். முதல் 5 கிலோமீட்டர் எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக இருக்க வேண்டும், 4-ஆம் கேள்வியின் பேச்சு வேகத்தில். ஓய்வெடுத்த கால், பறை மேளம், மார்கழிக் குளிர் மூன்றும் சேர்ந்து வேகத்தைத் திருடிக் கொடுக்கும். அதைப் 15-க்குப் பிறகு வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். 5 முதல் 15 வரை சீராக. 15-இல் இன்னும் தெம்பு இருந்தால் கூட்டலாம். உங்கள் நேரத்தை, நீங்கள் அணிந்து ஓடும் சின்ன மின்னணுச் சிப்தான் கணக்கிடும், தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் அது ஆரம்பிக்கும். அதனால் கூட்டத்தின் கடைசியில் நிற்பதால் நஷ்டமில்லை.

25. என் வாட்ச் 21.4 காட்டுச்சு. பாதையைத் தப்பா அளந்துட்டாங்களா?

அநேகமாக இல்லை. அளக்கிறவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய வழியைப் பிடித்து அளப்பார்கள். நீங்கள் தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, ஆட்களைச் சுற்றி, வளைவின் வெளிப்பக்கமாக ஓடியிருப்பீர்கள். ஜி.பி.எஸ்-இலும் சின்னப் பிழை உண்டு. இதை முன்பே மனதில் வைத்துக்கொண்டு, வாட்ச் 21.1 காட்டியதும் முடிவுக் கோட்டைத் தேடாமல் இருங்கள்.

26. முடிச்சிட்டேன்! பிப்ரவரியில ஃபுல் மாரத்தான் ஓடலாமா?

கூடாது. ஒரு வாரம் நடை மட்டும், அடுத்த வாரம் சின்ன ஓட்டங்கள், பிறகுதான் பழையபடி. முழு மாரத்தானுக்கு 30 கிலோமீட்டர் வரை நீளும் ஞாயிறுகள் வேண்டும், அதை ஏப்ரல், மே வெயிலில் சேர்க்க முடியாது. கோடை முழுக்க வாரம் 25, 30 கிலோமீட்டரை விடாமல் வைத்திருங்கள். ஆகஸ்டில் குழுவுக்கு வரும்போது அதைப் பற்றிப் பேசுவோம். அன்றைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் 4-ஆம் கேள்விக்குப் பதில் சொல்கிற வேலை உங்களுடையது.